காட்சிப் போட்டி நடுவர்களின் தேர்வு நாய்களின் எலும்பமைப்பை மாற்றுகிறதா?

தோள்முகடு (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். பதினாறு ஆண்டுகள் நாய்களைக் காட்சிப் போட்டிகளுக்கு அழைத்துச் சென்றவன் நான். இப்போது சில ஆண்டுகளாகக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பதோடு சரி. உள்ளே இருந்தவரை என் நாய் ஏன் தோற்றது என்பதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்த பிறகுதான், வென்ற நாய் எதனால் வென்றது என்று கேட்கத் தோன்றியது.

ஒரு நாய்க்கு நடுவர் ஒதுக்கும் நேரம் ஏறத்தாழ இரண்டு நிமிடம். அதற்குள் பல்லைப் பார்க்கிறார், மண்டையையும் தோளையும் முதுகையும் தடவிப் பார்க்கிறார், ஆண் நாயென்றால் விரைகள் இரண்டும் இறங்கியிருக்கின்றனவா என்று பார்க்கிறார், நேராகப் போய்த் திரும்பி வரச் சொல்கிறார், பிறகு வளையத்தை ஒரு சுற்று சுற்றி ஓடவைக்கிறார். அந்த இரண்டு நிமிடத்தில் கண்ணுக்கும் கைக்கும் அகப்படுவது எதுவோ அதுதான் பரிசு பெறுகிறது. பரிசு பெற்ற ஆண் பொலிநாயாகிறது, அதன் குட்டிகள் பல வீடுகளுக்குப் போகின்றன, அடுத்த தலைமுறையின் எலும்பு அங்கேயே பாதி தீர்மானமாகிவிடுகிறது.

விதிப்படி நடுவர் ஒவ்வொரு நாயையும் அந்த இனத்துக்கென எழுதப்பட்ட தர வரையறையோடுதான் ஒப்பிட வேண்டும். ஆனால் வளையத்தில் அவர் கண்முன் நிற்பது வரையறை அல்ல, பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் எட்டு நாய்கள். மார்பு ஆழமாக இருக்க வேண்டும் என்று வரையறை சொன்னால், ஆழமான மார்புள்ள எட்டில் எது இன்னும் ஒரு விரற்கடை கூடுதலாக இருக்கிறதோ அதன்மேல்தான் கண் போய் நிற்கும். பத்தாண்டு கழித்து எட்டு நாய்களுமே அந்த ஆழத்துக்கு வந்துவிட்டிருக்கும், அவற்றிலும் ஒன்று விரற்கடை கூடுதலாக நிற்கும். யாரும் மிகையை வேண்டுமென்று கேட்டதில்லை என்பதுதான் இதில் வேடிக்கை.

வரையறைகளின் மொழியும் இதற்கு இடம் கொடுத்தது. பழைய பிரிட்டிஷ் புல்டாக் வரையறை, மண்டை மிகப் பெரிதாக இருக்க வேண்டும், எவ்வளவு பெரிதோ அவ்வளவு நன்று என்றே சொன்னது. காதுகளுக்கு முன்னால் எடுக்கும் சுற்றளவு குறைந்தபட்சம் தோள் உயரத்துக்குச் சமமாக வேண்டும் என்று கீழ் எல்லையை வகுத்தவர்கள், மேல் எல்லையைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை.

இது வெறும் ஊகம் என்று யாராவது சொல்வதற்கு முன்பே ஒரு சான்றை வைத்துவிடுகிறேன். செயின்ட் பெர்னார்டு நாய்களின் மண்டையோடுகள் சுவிட்சர்லாந்தில் ஏறத்தாழ 120 ஆண்டுகாலத் தொடர்ச்சியோடு சேமிக்கப்பட்டுள்ளன. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் அவற்றை அளந்து 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். மண்டை அகலமாகியிருந்தது, நெற்றிக்கும் மூஞ்சிக்கும் இடையிலான பள்ளம் செங்குத்தாகியிருந்தது. இன வரையறை எந்தெந்தக் கூறுகளை விரும்பத்தக்கவை என்று எழுதிவைத்திருந்ததோ அந்தக் கூறுகள்தான் அந்தத் திசையிலேயே தொடர்ந்து நகர்ந்திருந்தன. ஒரு பத்தி உரைநடை எலும்பில் அச்சாகியிருப்பதை இதைவிடத் தெளிவாக நான் வேறெங்கும் கண்டதில்லை.

நடுவர்களாக இருப்பவர்களும் மருத்துவர்களும் இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்று அறிய விரும்புகிறேன்.

நடுவட்டம்

ஐயா, நீங்கள் அழைத்ததால் எழுதுகிறேன். நான் நடுவராகப் பணியாற்றுபவன்தான். இந்தத் தொழிலின் பழைய பாவங்களை மறைக்க எனக்கு விருப்பமில்லை. 1859 ஜூனில் இங்கிலாந்தின் நியூகாசிலில் நடந்த முதல் முறையான காட்சியில் பாயிண்டர், செட்டர் என்ற இரு வேட்டைநாய் இனங்களுக்கு மட்டுமே போட்டி, பரிசாகக் கொடுத்தது துப்பாக்கி. ஒரு பிரிவின் நடுவராக அமர்ந்தவருடைய நாய் மறுபிரிவில் வென்றது, அந்தப் பிரிவின் நடுவருடைய நாய் இந்தப் பிரிவில் வென்றது. தொடக்கமே அப்படி.

ஆனாலும் உங்கள் வாதத்தில் நடுவரின் கைக்கு நீங்கள் கொடுக்கும் பலம் சற்று அதிகம். என் முன் கொண்டுவந்து நிறுத்தப்படும் நாய்களுக்குள்தான் நான் தேர்ந்தெடுக்க முடியும், எட்டும் கனத்த நாய்களாக இருந்தால் ஒன்பதாவதாக ஒரு மெலிந்த நாயைக் கற்பனையில் நிறுத்திப் பரிசு கொடுக்க இயலாது. எந்த ஆணை எந்தப் பெட்டையோடு சேர்ப்பது என்று முடிவு செய்பவர் வளர்ப்பவர், குட்டியை விலை கொடுத்து வாங்குபவர் வாடிக்கையாளர். கடந்த இருபது ஆண்டுகளில் பிரெஞ்சு புல்டாக்கின் எண்ணிக்கை பல நாடுகளில் பல மடங்கு பெருகியதற்குக் காட்சி வளையம் காரணமல்ல. அந்தக் குட்டிகளில் கணிசமானவை வரையறையே ஏற்காத சாம்பல்நீல நிறத்திலும் மெர்ல் எனப்படும் திட்டுத்திட்டான நிறத்திலும் விற்கப்படுகின்றன, அவற்றின் பெற்றோர் ஒரு நடுவரைக்கூட நேரில் பார்த்திருக்கமாட்டார்கள்.

மேலும், வேட்டைநாய்களான சலூக்கியும் பாயிண்டரும் இதே வளையத்தில்தான் நூறாண்டுக்கு மேலாக ஓடுகின்றன. பழைய ஓவியங்களில் இருக்கும் உருவத்திலிருந்து அவை பெரிதாக விலகிவிடவில்லை. வளையம்தான் நோய் என்றால் எல்லா இனங்களையும் அல்லவா அது பிடித்திருக்க வேண்டும்?

ஊசியும்நூலும்

கால்நடை மருத்துவராக என் பங்கைச் சொல்கிறேன், நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூஞ்சி குட்டையாகும்போது சுருங்குவது எலும்பு. அதற்குள் இருந்த மென்மையான திசுக்கள் அதே அளவுக்குச் சுருங்குவதில்லை. மெல்லண்ணம் நீண்டு தொண்டைக்குள் தொங்குகிறது, நாக்கு இடம்போதாமல் பின்னுக்குத் தள்ளப்படுகிறது, மூக்கின் உட்சுருள்கள் காற்றுப்பாதைக்குள் நெருக்கியடித்து வளர்கின்றன, நாசித்துளை ஒரு கீறலாகிப்போகிறது. நாய் தன் உடற்சூட்டைத் தணிப்பது பெரும்பாலும் மூச்சிரைப்பின் வழியாகத்தான் என்பதால், மூச்சுப்பாதை குறுகிய நாய்க்கு வெப்பமும் எதிரியாகிறது. மூஞ்சியின் நீளம் மண்டையின் நீளத்தில் பாதிக்கும் கீழே போன நாய்களிடம்தான் இந்த மூச்சடைப்பு நோய் காணப்பட்டது என்று 2015-ல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. குட்டையாகக் குட்டையாக ஆபத்து ஏறிக்கொண்டே போயிற்று.

இடுப்பெலும்புக்கும் இதே கதைதான். பெரிய தலையும் அகன்ற தோளும் குறுகிய இடுப்பும் பரிசுக்குரிய வடிவம் என்றால், அந்தத் தலை அந்த இடுப்பு வழியாக வெளியே வரவேண்டும் என்பதை யாரோ மறந்துவிட்டார்கள் என்று பொருள். பிரிட்டனில் 2010-ல் வெளியான கணக்கெடுப்பின்படி பாஸ்டன் டெரியர், புல்டாக், பிரெஞ்சு புல்டாக் ஆகிய மூன்று இனங்களிலும் பத்தில் எட்டுக்கு மேற்பட்ட ஈற்றுகள் அறுவைச் சிகிச்சை மூலமே நடந்தன.

நடுவர் நண்பருக்கு ஒரு நிகழ்வை நினைவூட்ட விரும்புகிறேன். 2012-ல் பிரிட்டனின் பெரிய நாய்க்காட்சியான க்ரஃப்ட்ஸில், உடல்நலக் கவலை மிகுந்தவை என்று பட்டியலிட்ட 15 இனங்களில், இன முதன்மை (அதாவது தன் இனத்தில் முதலிடம்) பெற்ற நாயைப் பரிசு உறுதியாவதற்குமுன் தனி மருத்துவர் ஒருவர் பார்க்க வேண்டும் என்று, நாய் இனங்களைப் பதிவு செய்யும் சங்கமான பிரிட்டனின் கென்னல் கிளப் விதித்தது. சிக்கலான கருவிச் சோதனை எதுவும் இல்லை, வெளியே தெரியும் குறைகளைப் பார்த்ததுதான். புல்டாக், பெக்கினீஸ், பாசெட் ஹவுண்டு, மாஸ்டிஃப், நியோபாலிட்டன் மாஸ்டிஃப், கிளம்பர் ஸ்பானியல் என ஆறு இனங்களின் முதன்மை நாய்கள் அந்தப் பரிசோதனையில் தேறவில்லை. சற்று முன்புதான் ஓர் அனுபவமிக்க நடுவர் அதே உடலைத் தடவிப் பார்த்து, இந்த இனத்தில் இன்று இதுவே சிறந்தது என்று கைகாட்டியிருந்தார். அந்த ஆறு பேரும் திறமையற்றவர்கள் என்று நான் எண்ணவில்லை. கண் பழகிப்போவது என்று ஒன்று உண்டு. மூச்சடைப்பின் தெளிவான அறிகுறிகள் உள்ள நாய்களின் உரிமையாளர்களைக் கேட்டபோது, பாதிக்கும் மேற்பட்டவர்கள் தங்கள் நாய்க்கு மூச்சுத்தொல்லை ஏதும் இல்லை என்று சொன்னதாக வேறோர் ஆய்வு பதிவு செய்திருக்கிறது. குறட்டை அந்த இனத்துக்கு இயல்பு என்பது அவர்களுடைய பதில். அதே பழக்கம் நடுவரின் விரல்களுக்கும் வந்திருக்காதா?

புதுக்கயிறு

நான் இந்தத் துறைக்குப் புதியவள். போட்டிகளில் “முன்கோணம் நன்று, பின்கோணம் போதாது” என்று பேசிக்கொள்கிறார்களே, எதற்கும் எதற்கும் இடையிலான கோணம் அது? ஜெர்மன் ஷெப்பர்டின் முதுகு சரிந்திருப்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா? எளிய கேள்வியாக இருந்தால் மன்னிக்கவும்.

தோள்முகடு

எளிய கேள்வியே அல்ல, அம்மா. இந்த இழையின் நடுப்பகுதியையே தொட்டுவிட்டீர்கள்.

முன்கோணம் என்பது தோள்பட்டை எலும்புக்கும் அதன் கீழுள்ள மேற்கால் எலும்புக்கும் இடையிலானது. பின்கோணம் என்பது தொடையெலும்பு, கீழ்க்கால் எலும்பு, பின்னங்கணு ஆகியவை மடங்கி நிற்கும் அளவு. கோணம் மடங்கியிருந்தால் கால் விரியும்போது அதிகத் தூரம் எட்டும், ஆகையால் அடி நீளும் என்பது நெடுநாளைய நம்பிக்கை. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. உலக நாய்ச் சங்கக் கூட்டமைப்பின் வரையறை ஜெர்மன் ஷெப்பர்டுக்கு முன்கோணம் 90 பாகை என்பதை உன்னதமாகவும், பொதுவாக 110 பாகை வரை என்றும் சொல்கிறது. நீளம் உயரத்தைவிட 10 முதல் 17 விழுக்காடு கூடுதலாக இருக்கலாம் என்றும் வரம்பு கட்டுகிறது. எண்ணில் எழுதப்பட்ட வரையறை இருந்துமா இப்படி ஆயிற்று என்று நீங்கள் கேட்கலாம். பின்கோணத்துக்கு வரம்பு அந்த அளவுக்கு இறுக்கமாகக் கட்டப்படவில்லை, வளையத்தில் கண்ணைப் பறிப்பதோ பின்கோணம்தான்.

இந்த இனத்தின் வரலாற்றிலேயே ஒரு நடுவரின் கை எவ்வளவு தூரம் எட்டும் என்பதற்குச் சான்று இருக்கிறது. 1899-ல் ஜெர்மன் ஷெப்பர்டு சங்கத்தை நிறுவிய மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ், 1920-களில் நாய்கள் தேவைக்கு மீறி உயரமாகி, சதுர உடலோடு வளர்வதைக் கண்டு கவலைப்பட்டார். 1925-ல் அவரே நடுவராக நின்று, குட்டையான காலும் நீண்ட உடலும் விரிந்த நடையும் கொண்ட குளோடோ ஃபோம் பாக்ஸ்பெர்க் என்ற நாய்க்கு அந்த ஆண்டின் முதன்மைப் பட்டத்தைக் கொடுத்தார். அது தற்செயலாக விழுந்த பட்டமன்று. இனம் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும்படி அவர் கைகாட்டிய செயல் அது. குளோடோ பின்னர் அமெரிக்காவுக்கு விற்கப்பட்டது, இரு கண்டங்களிலும் அதன் வழித்தோன்றல்கள் பரவின. நோக்கம் நல்லதுதான். ஆனால் ஒருமுறை திருப்பிவிட்ட சக்கரத்தை எங்கே நிறுத்துவது என்று அந்தப் பட்டம் சொல்லவில்லை. அவருக்குப் பின் வந்தவர்கள் அதே திசையில் தள்ளிக்கொண்டே போனார்கள்.

முதுகுச் சரிவுக்கு வருகிறேன். அதில் ஒரு பகுதி நிற்கவைக்கும் முறையால் வருவது. ஒரு பின்னங்காலை வயிற்றுக்கடியில் முன்னே வைத்து, மற்றதைப் பின்னே இழுத்துக் கணுவுக்குக் கீழுள்ள பகுதி செங்குத்தாக நிற்கும்படி நிறுத்தினால், எந்த நாய்க்கும் பின்பக்கம் தாழும். ஆனால் இன்னொரு பகுதி உண்மையிலேயே எலும்பில் இருக்கிறது. கீழ்க்கால் எலும்பு நீண்டால்தான் அந்த அதீத மடிப்பு கிடைக்கும். அப்படி நீண்ட நாய் தன்போக்கில் நிற்கும்போது பாதங்கள் இடுப்புக்கு வெகு பின்னால் விழும் அல்லது நாய் பின்னங்காலை மடக்கிக் குந்தினாற்போல் நிற்கும். மடங்கிய மூட்டைத் தாங்கி நிற்க எலும்பு உதவாது, தசைதான் இடைவிடாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். சுவரில் முதுகு சாய்த்து முழங்காலை மடக்கிப் பத்து நிமிடம் நின்று பாருங்கள், நான் சொல்வது விளங்கும். 2016 க்ரஃப்ட்ஸில் இன முதன்மை பெற்ற ஜெர்மன் ஷெப்பர்டு பெட்டையின் சரிந்த முதுகும் தடுமாறிய நடையும் தொலைக்காட்சியில் பார்த்தவர்களிடையே பெரும் கண்டனத்தை எழுப்பின. வளையத்தைச் சுற்றி நின்றவர்களுக்கு அதுவரை அது உறுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கோணக் கணக்கு முழுவதும் நின்ற நிலையில் அளந்தது என்பது இன்னொரு சிக்கல். தோள்பட்டை எலும்பு 45 பாகையில் பின்சாய்ந்திருக்க வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அமெரிக்காவின் ரேச்சல் பேஜ் எலியட் எக்ஸ்ரே அசைபடங்களை எடுத்துப் பார்த்தபோது, நன்றாக நடக்கும் நாய்களிடமே அந்த 45 பாகை இல்லை என்று தெரிந்தது. பின்னர் ஜெர்மனியின் ஜெனா பல்கலைக்கழகத்தில் 32 இனங்களைச் சேர்ந்த 327 நாய்களை அதிவேகக் கேமராக்களால் படம்பிடித்து, சிலவற்றை எக்ஸ்ரே அசைபடமாகவும் எடுத்தார்கள். உடலோடு எலும்பு மூட்டால் இணைக்கப்படாமல் தசைகளிலேயே தொங்கும் அந்தத் தோள்பட்டை எலும்பு, விலாவின்மேல் ஊசல்போல் ஆடுவதால்தான் முன்னங்காலின் அடி பெரும்பாலும் நீள்கிறது என்று அவர்கள் கண்டார்கள். நாம் விரலால் அளந்து குறிப்பெழுதியதெல்லாம் அசையும் உறுப்பின் ஒரு கணத்து நிழல் மட்டுமே.

மந்தைக்காரன்

எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்தப் பேச்சே சற்று விந்தையாக இருக்கிறது. ஆடு மேய்க்கும் நாய் எப்படி இருக்க வேண்டும் என்று ஆட்டைக் கேட்டால் போதும்.

காட்சி வளையத்தில் சோதிக்கப்படுவது ஒரே ஓட்டம், அதாவது குறுக்குக் கால்கள் இணைந்து போகும் பெருநடை. அதுவும் சமதளத்தில், மிஞ்சினால் ஒரு நிமிடம். மேட்டில் ஏறுவது, திடீரென்று திரும்புவது, பாய்வது, நாள் முழுதும் களைக்காமல் இருப்பது எதுவும் அங்கே தெரியாது. முழுப் பாய்ச்சலுக்காகவே உருவான கிரேஹவுண்டையும் பெருநடையில் ஓடவைத்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். பாயும் மீனைத் தொட்டியில் வைத்து நீச்சலுக்குப் பரிசு கொடுப்பதைப்போல இருக்கிறது எனக்கு. காட்சிக் கிரேஹவுண்டும் பந்தயக் கிரேஹவுண்டும் இன்று ஒன்றைப் பார்த்தால் மற்றது நினைவுக்கு வராத அளவு பிரிந்துவிட்டதில் ஆச்சரியம் என்ன?

பார்டர் கோலி வளர்த்தவர்களுக்கு இந்த அச்சம் முன்பே இருந்தது. பன்னாட்டு ஆட்டுநாய்ச் சங்கம் 1906 முதல் வேலைத்திறனை அளவுகோலாக வைத்தே இந்த நாய்களைப் பேணிவந்தது. குட்டைமயிரும் நெட்டைமயிரும், நிமிர்ந்த காதும் மடிந்த காதும் ஒரே ஈற்றில் பிறந்தால் யாருக்கும் கவலையில்லை. பிரிட்டனின் கென்னல் கிளப் 1976-லும் அமெரிக்கக் கென்னல் கிளப் 1995-லும் காட்சி வளையத்துக்கு இந்த இனத்தை ஏற்றன. அமெரிக்காவில் வேலைநாய் வளர்ப்பவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். இன்று காட்சிப் பார்டர் கோலியைப் பாருங்கள்: ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற தலை, அடர்ந்த மயிர், கனத்த எலும்பு. அது கெட்ட நாய் என்று நான் சொல்லவில்லை. வேறு நாய் என்கிறேன்.

1893-ல் புல்டாக் வளர்ப்பவர்களுக்குள் ஒரு பந்தயம் நடந்தது. டாக்லீஃப் என்ற நாய் தாழ்ந்து கனத்தது, காட்சிகளில் பெயர் பெற்றது. கிங் ஆரி என்பது எலும்பு இலேசான பழைய வகை. இரண்டையும் 20 மைல் நடக்கவிட்டார்கள். கிங் ஆரி நடந்து முடித்தது. டாக்லீஃப் முடிக்க இயலாமல் விலகியது. சரி, அதன் பிறகு வளர்ப்பவர்கள் எந்த நாயின் வடிவத்தைப் பின்பற்றினார்கள் என்று நினைக்கிறீர்கள்? இன்றைய புல்டாக்கைப் பார்த்தால் விடை தெரியும்.

நடுவட்டம்

மந்தைக்காரரே, வேலைச்சோதனையும் உடலை வளைக்கத்தான் செய்கிறது. அதில் தோற்ற நாயை நீங்கள் புகைப்படம் எடுத்து வைப்பதில்லை, அவ்வளவுதான். இருந்தாலும் பெருநடை பற்றிச் சொன்னது சரி. வாரை இறுக்கிப் பிடித்து மூச்சுமுட்ட ஓடவைத்தால் கால் வீச்சு உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும் என்பது கையாள்பவர்கள் அனைவருக்கும் தெரிந்த தந்திரம். நான் தளர்ந்த வாரில் மெதுவாக நடக்கச் சொல்வேன், முகம் சுளிப்பார்கள்.

மருத்துவர் சொன்ன பழக்கம் பற்றிய கருத்து என்னை உறுத்துகிறது. அதற்கு என்னிடம் உடனடியாகப் பதில் இல்லை.

இழைமுறுக்கு

மரபணுப் பக்கத்திலிருந்து இரண்டு செய்திகள்.

முதலாவது, நடுவர் தொடுவது வடிவத்தை, ஆனால் தேர்வாவது மரபணு. ஒரு மரபணு ஒரே வேலையோடு நிற்பதில்லை. டேக்ஸ்ஹண்டு, பாசெட் போன்றவற்றின் குட்டைக்கால்களுக்குக் காரணம் எஃப்ஜிஎஃப்4 என்ற மரபணுவின் கூடுதல் பிரதி என்று 2009-ல் கண்டறிந்தார்கள். 2017-ல் இன்னொரு நிறப்புரியில் அதன் மற்றொரு பிரதி கிடைத்தது. அது காலைக் குறுக்குவதோடு முதுகெலும்பு வட்டுகளையும் இளவயதிலேயே இறுகச் செய்து, பிதுங்கி நரம்பை அழுத்தும் நோய்க்கு வழிவகுக்கிறது. புல்டாக், பிரெஞ்சு புல்டாக், பாஸ்டன் டெரியர் ஆகியவற்றின் திருகு வாலுக்குப் பின்னாலுள்ள டிவிஎல்2 என்ற மரபணுவின் மாற்றத்தை 2018-ல் கண்டார்கள். வால் என்பது முதுகெலும்பின் நுனிதானே. நுனியில் திருகை விரும்பித் தேர்ந்தெடுத்தால் நடுவிலும் கோணல் முள்ளெலும்புகள் வருவதில் வியப்பில்லை. ரிட்ஜ்பேக்கின் முதுகு மயிர்க்கோட்டுக்கும் தோலடிக் குழாய்க் குறைபாட்டுக்கும், ஷார்பேயின் தடித்த மடிப்புத் தோலுக்கும் அதன் விட்டுவிட்டு வரும் காய்ச்சலுக்கும் இப்படியே உறவு உண்டு. நடுவர் மடிப்புக்குப் பரிசு கொடுக்கிறார், காய்ச்சல் கூடவே வீட்டுக்குப் போகிறது.

இரண்டாவது செய்தி நடுவட்டம் ஐயாவின் கேள்விக்கான பதில். பரிசுக்குத் தனித்த ஆற்றல் உண்டா இல்லையா என்பதைக் கிட்டத்தட்ட ஒரு சோதனைபோல் நிகழ்த்திக் காட்டிய வரலாறு ஒன்று இருக்கிறது. பழைய ஓவியங்களில் மன்னர் குடும்பத்துக் குழந்தைகளோடு நிற்கும் சிறு ஸ்பானியல்களுக்கு மூஞ்சி நீண்டிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த வகை குட்டை மூஞ்சிக்கு மாற்றப்பட்டு, கிங் சார்லஸ் ஸ்பானியல் என்று நிலைபெற்றது. 1926-ல் ரோஸ்வெல் எல்ட்ரிட்ஜ் என்ற அமெரிக்கர் இங்கிலாந்துக்கு வந்து, பழைய ஓவியத்தில் உள்ளதுபோன்ற நீண்ட மூஞ்சி நாயைத் தேடிக் கிடைக்காமல், க்ரஃப்ட்ஸில் அந்தப் பழைய வகையின் சிறந்த ஆணுக்கும் பெட்டைக்கும் தலா 25 பவுண்டு பரிசு அறிவித்தார். குட்டை மூஞ்சி நாய்களுக்கு நடுவே பிழையென்று ஒதுக்கப்பட்ட நீண்ட மூஞ்சிக் குட்டிகள் உடனே மதிப்புப் பெற்றன. 1928-ல் தனிச் சங்கம் உருவாயிற்று, 1945-ல் கவலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல் தனி இனமாக ஏற்கப்பட்டது. அதே வளர்ப்பவர்கள்தான், அதே இரத்தம்தான். மாறியது பரிசு மட்டுமே. இருபது ஆண்டுக்குள் முகமே மாறிவிட்டது.

கதை அங்கே இனிதாக முடிந்திருக்கலாம். ஆனால் தொடக்க நாய்கள் மிகச் சில. வென்ற ஆண்களைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். இன்று அந்த இனத்தில் இதய வால்வு நோயும், மண்டை சிறுத்து மூளை நெருக்கப்படுவதால் தண்டுவடத்தில் நீர்க்குழிகள் தோன்றும் நோயும் பரவலாக இருக்கின்றன. முகத்தைத் திருப்பித் தந்த பரிசால் மண்டைக்குள் நடப்பதைப் பார்க்க முடியவில்லை. பக் இனத்தைப் பற்றி 2008-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் சொன்னதும் இதனோடு சேர்ந்ததுதான்: பிரிட்டனில் ஏறத்தாழ 10,000 பக் நாய்கள் இருந்தாலும் அவற்றின் மரபணுப் பன்மை வெறும் 50 நாய்களுக்கு நிகரானது.

ஊசியும்நூலும்

கவலியர் பற்றிச் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நார்வேயில் இந்த விவகாரம் நீதிமன்றத்துக்கே போயிற்று. 2022 ஜனவரியில் ஆஸ்லோ மாவட்ட நீதிமன்றம் புல்டாக், கவலியர் இரண்டையும் இனப்பெருக்கம் செய்வது விலங்குநலச் சட்டத்துக்கு முரண் என்றது. மேல்முறையீட்டில் புல்டாக் வளர்ப்பவர்கள் விடுவிக்கப்பட்டார்கள், 2023-ல் உச்ச நீதிமன்றம் கவலியர் மீதான தீர்ப்பை உறுதி செய்தது. நீண்ட மூஞ்சி நாய்க்குத் தடை நின்றது, குட்டை மூஞ்சி நாய்க்கு விலகியது என்பதை வெளித்தோற்றத்தை மட்டும் வைத்துப் பேசுகிறவர்கள் ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும்.

தோள்முகடு

நீதிமன்றம் நாயை அளக்கத் தொடங்குவதற்கு முன் நாமே செய்யக்கூடியவை இருக்கின்றன என்று நான் நினைக்கிறேன். டேக்ஸ்ஹண்டுக்கு உலகக் கூட்டமைப்பின் வரையறை, உடல் நீளம் உயரத்தைப்போல் 1.7 முதல் 1.8 மடங்கு என்றும், மார்புக்கும் தரைக்கும் இடைவெளி தோள்முகட்டு உயரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு என்றும் இரு பக்கமும் வேலி போடுகிறது. நடுவர் கையில் ஓர் அளவுகோல் இருந்தால் முடிந்தது. பெக்கினீஸ் வரையறையைப் பிரிட்டன் 2008-ல் திருத்தி, மூஞ்சி என்று ஒன்று தெரிந்தாக வேண்டும் என்று எழுதியது. அப்படி எழுத நேர்ந்ததே எவ்வளவு பெரிய ஒப்புதல்! 2019-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் கென்னல் கிளப்பும் கொண்டுவந்த மூச்சுச் சோதனையில் நாயை மூன்று நிமிடம் ஓடவைத்து, முன்னும் பின்னும் தொண்டையில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டு, 0 முதல் 3 வரை தரம் கொடுக்கிறார்கள். மூன்று நிமிடம்தான். நடுவர் ஒரு நாய்க்கு எடுத்துக்கொள்வதைவிட ஒரு நிமிடம் கூடுதல்.

நடுவட்டம் ஐயா கேட்ட சலூக்கி, பாயிண்டர் பற்றியும் ஒரு வார்த்தை. அவற்றின் வரையறைகளில் ஒன்று இன்னொன்றைக் கட்டுப்படுத்துகிறது. வேகம் வேண்டும் என்றால் எலும்பு கனக்க முடியாது. தாங்குதிறன் வேண்டும் என்றால் மார்பு குறுக முடியாது. எதிரெதிர்த் தேவைகள் இழுத்துப் பிடிப்பதால் நடுவில் நிற்கின்றன. தலைக்காகவும் மடிப்புக்காகவும் மயிருக்காகவும் மட்டும் போற்றப்படும் இனத்தில் இழுத்துப் பிடிக்க எதிர்க்கயிறு இல்லை.

நடுவட்டம்

மூன்று நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன். நான் பதில் இல்லை என்று விட்ட இடத்துக்குத் திரும்ப வேண்டும்.

தகுதியில்லை என்று தோன்றினால் பரிசைக் கொடுக்காமல் நிறுத்திவைக்கும் உரிமை நடுவருக்கு எப்போதும் உண்டு. எத்தனை முறை அதைப் பயன்படுத்தியிருக்கிறேன் என்று என் குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்தேன். இத்தனை ஆண்டுகளில் நான்கு முறை. அவற்றில் மூன்று, கடிக்க வந்த நாய்களுக்கு. உடலமைப்புக்காக நிறுத்தியது ஒரே ஒரு முறை: குட்டை மூஞ்சி இனமொன்றில் இரண்டே நாய்கள் வந்திருந்தன, அரைச்சுற்று ஓடுவதற்குள் இரண்டும் வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிட்டன. இரண்டாம் பரிசோடு நிறுத்திக்கொண்டு, முதல் பரிசுக்குரிய நாய் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். உரிமையாளர்களில் ஒருவர் என்னோடு பேசுவதையே விட்டுவிட்டார். அடுத்த மாதம் அவருடைய அதே நாய் வேறொரு நடுவரிடம் முதலிடம் பெற்றது, அந்த ஆண்டு இறுதிக்குள் பட்டத்தையும் முடித்துக்கொண்டது. அதன் குட்டி ஒன்று சென்ற காட்சியில் என் வளையத்துக்கு வந்தது. தளர்ந்த வாரில் மெதுவாக நடக்கச் சொன்னேன், நடந்தது. இன்னொரு சுற்று போகச் சொன்னபோது கையாள்பவர், நேரமாகிறது, மற்றவர்கள் காத்திருக்கிறார்கள் என்றார்.